இணை எண் இருபத்தேழு

பொன்னழகு அவர்களை நான் முதலில் பார்த்தது 2007ஆம் ஆண்டு ஆவணி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில். எச்.ஐ.வி. தொற்றுடையவர்களுக்கு மருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மையம் ஒன்றில் நான் அப்போது ஆய்வக நுட்புநராக இருந்தேன். இரத்தம் எடுப்பதற்காக அவர் இடக்கையை நீட்டினார். வலக்கை, ஏழு வயது மகள் நித்யஸ்ரீயின் தோளைப் பற்றியிருந்தது. கணவர் ஈஸ்வரன் சுவரோரமாக நான்கடி தள்ளி நின்றார். ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்தியபடி, கணவர் பக்கம் திரும்பாமலே பொன்னழகு என்னிடம் கேட்டார்:

"சார், பிள்ளைக்கு ஒண்ணுமில்லேன்னு எழுதிக் குடுத்துட்டாக. எனக்கு எத்தனை வருஷம்னு மட்டும் சொல்லுங்க. இந்த ஆளுக்கு எத்தனைன்னு எனக்குத் தெரிய வேண்டாம்."

மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வருடக் கணக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். ஈஸ்வரன் தலையாட்டிக்கொண்டார். அந்த நான்கடி இடைவெளி அவர் இறக்கும்வரை குறையவில்லை.

பொன்னழகு வாழ்வை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதியதை அவரிடம் படித்துக் காட்டியபோது இரண்டு இடங்களில் திருத்தம் சொன்னார், திருத்திவிட்டேன்.

அவர் சிங்கம்புணரிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் 1979இல் பிறந்தவர். கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் இருநூற்றுக்கு நூற்று எழுபத்தாறு எடுத்ததை இன்றும் சொல்வார். பத்தொன்பதாம் வயதில் திருப்பத்தூர்ப் பக்கத்து ஈஸ்வரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஈஸ்வரன் பரோட்டா போடுவதில் கைதேர்ந்தவர். வாய்க்கு வாய் கேலி பேசுகிறவர். 2002 தை மாதம் மலேசியாவுக்குப் போய்க் கோலாலம்பூரில் ஓர் உணவகத்தில் வேலை பார்த்தார். 2005 கார்த்திகையில் திரும்பி வந்தார். இடையில், 2004 ஆனியில், பொன்னழகுக்கு உதிரப்போக்கு நிற்காமல் போய், மதுரையில் அறுவை செய்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். மூன்று பை இரத்தம் ஏற்றினார்கள். இந்த ஒரு செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்களில் எவரும் வைத்துக்கொள்ளவில்லை.

2007இல் ஈஸ்வரனுக்கு இருமல் விடாமல் வந்தது. காசநோய் என்று கண்டார்கள். அதைத் தொடர்ந்து எச்.ஐ.வி. பரிசோதனை. மனைவியையும் அழைத்துப் பார்த்தார்கள். இருவருக்கும் இருந்தது. அன்று மாலையே, யாரும் கேட்கும் முன்பே, ஈஸ்வரன் மனைவியிடம் சொல்லிவிட்டார். கோலாலம்பூரில் கூட வேலை பார்த்தவர்களோடு இரண்டு முறை போகக் கூடாத இடத்துக்குப் போனதாகவும், எல்லாம் தன்னால் வந்தது என்றும் சொல்லி அழுதார். ஒப்புக்கொண்ட குற்றவாளி கண்முன் நிற்கும்போது வேறு எவரை விசாரிப்பார்கள்? பொன்னழகும் விசாரிக்கவில்லை. மருத்துவரும் விசாரிக்கவில்லை. அட்டையில் "தொற்றிய வழி" என்ற இடத்தில், பொன்னழகு பெயருக்கு நேராக, "கணவர்" என்று எழுதப்பட்டது. எழுதிய கை என்னுடையது.

அடுத்து வந்த மாசி மாதம் குலசாமி கோயில் படையலுக்கு ஈஸ்வரனின் பங்காளிகள் அவரை வரவேண்டாம் என்றார்கள். அதற்குப் பிறகு ஊரில் இருக்க முடியாமல் காரைக்குடி கழனிவாசலில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தார்கள். முன்னறை ஈஸ்வரனுக்கு, உள்ளறையும் அடுப்படியும் பொன்னழகுக்கும் மகளுக்கும். பொன்னழகு கணவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கடைசிவரை அவருக்குச் சோறு போட்டார், மருத்துவமனைக்கு அழைத்துப் போனார், பேசவில்லை. பரோட்டா போட்டே பேர் வாங்கிய மனிதர் ஒரு நாள் மகளுக்காக மாவு பிசைந்தபோது, பொன்னழகு அதைத் தூக்கிக் குப்பையில் போட்டார்.

ஈஸ்வரன் சாப்பிடுவதற்கென்று ஓர் எவர்சில்வர் வட்டில் தனியாக ஒதுக்கப்பட்டது. கல்யாணச் சீராக வந்த வட்டில்; விளிம்பில் ஈஸ்வரன் பெயர் வெட்டியிருக்கும். அதை வீட்டுப் பாத்திரங்களோடு சேர்க்காமல், கொல்லையில் துவைகல்மேல் கவிழ்த்து வைப்பார் பொன்னழகு. கிருமி இருவருக்குமே இருந்தது. வட்டிலால் அது பரவாது என்பதும் பொன்னழகுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே செய்தார். ஒருமுறை நித்யஸ்ரீ அப்பாவோடு உட்கார்ந்து அந்த வட்டிலிலிருந்து ஒரு துண்டு தோசை எடுத்துத் தின்றுவிட்டாள். பொன்னழகு வட்டிலைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தார். விளிம்பு நெளிந்துபோயிற்று. ஈஸ்வரன் அதை எடுத்து, நெளிவைப் பெருவிரலால் நிமிர்த்தப் பார்த்து, முடியாமல், கழுவிக்கொண்டுபோய்த் துவைகல்மேல் கவிழ்த்தார். இதைப் பொன்னழகே எங்களிடம் சொன்னார், தாம் செய்தது சரி என்ற குரலில்.

இதே பொன்னழகு 2008 முதல் எங்கள் மையத்தில் களப்பணியாளர். மருந்தை இடையில் விட்டவர்களை ஊர் ஊராகத் தேடிப் போய் அழைத்து வருவது அவருடைய வேலை. அந்த வேலையில் அவருக்கு நிகராக ஒருவரை நான் கண்டதில்லை. சிங்கம்புணரிச் சந்தையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் ஒருவரைக் கண்டுபிடித்து, காய்கறி விலை கேட்பதுபோலப் பேச்சுக் கொடுத்து, மறுநாள் காலைப் பேருந்தில் ஏற்றிவிட்டிருக்கிறார். தம்பதிகள் மையத்துக்கு வந்து ஒருவர்மேல் ஒருவர் பழி சொன்னால், நடுவில் போய் நின்றுகொள்வார்.

"யாரு யாருக்குக் குடுத்தான்னு இங்குட்டு நாங்க கேக்கிறதே இல்ல. நீங்க எதுக்குக் கேக்கிறீக? வட்டில்ல ஒட்டாது, தண்ணியில ஒட்டாது. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க, ஒண்ணா மாத்திரையைப் போடுங்க."

எங்கள் ஆலோசகர் ஜெரினா, பொன்னழகைவிடப் பத்து வயது இளையவர், ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார். "அக்கா, ஊருக்கெல்லாம் சொல்றீக. வீட்டுல அண்ணனோட ஒரு வார்த்தை பேசினா என்ன?"

"ஊருல உள்ளவுக எனக்கா தாலி கட்டுனாக?" என்றார் பொன்னழகு.

"சரி, மாத்திரையாவது எட்டு மணிக்குத் தவறாமச் சாப்பிடுறீகளா?"

"எங்குட்டுத் தவற? காலையில எட்டு, ராத்திரி எட்டு, அந்த ஆளு முன்னறையில உக்காந்துக்கிட்டு வட்டில ரெண்டு தட்டு தட்டும். நான் எந்திரிக்கலேன்னா மறுபடி ரெண்டு. நாய்க்குச் சோறு வைக்கிற மாதிரி. கேட்டாலே பத்திக்கிட்டு வருது."

ஜெரினா என்னைப் பார்த்தார். நான் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. தன்னிடம் பேசாத மனைவிக்கு மருந்து வேளையை நினைவூட்ட அந்த மனிதர் கண்டுபிடித்த வழி அது.

2009 ஐப்பசியில் ஆராய்ச்சி நிலையம் ஒன்று எங்கள் மையத்தோடு சேர்ந்து ஓர் ஆய்வைத் தொடங்கியது. மாவட்டத்தில் தொற்றுடைய நாற்பது தம்பதிகளின் இரத்தத்தை எடுத்து, அதிலுள்ள கிருமிகள் எவ்வளவு வேறுபட்டிருக்கின்றன என்று பார்ப்பது அதன் நோக்கம். எச்.ஐ.வி. ஒரே அச்சில் வார்த்த கிருமி அன்று. உடம்புக்குள் நாள்தோறும் கோடிக்கணக்கில் தன்னைப் படியெடுக்கிறது. படியெடுக்கையில் பிழை விடுகிறது. பிழையோடு பிறந்தது அடுத்த படியை எடுக்கிறது. அதனால் ஒரே நோயாளியின் உடம்பில்கூட ஒன்றுக்கொன்று சற்று வேறுபட்ட கிருமிகள் கூட்டமாக வாழ்கின்றன. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போனவை நெருங்கிய சாயலோடு இருக்கும். நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாடோ மிகப் பெரியது. நம் நாட்டில் பெரும்பாலோரிடம் காணப்படுவது சி என்னும் வகை. மலேசியா, தாய்லாந்துப் பக்கம் மிகுதியாக இருப்பது ஏ.இ. என்று குறிக்கப்படும் வேறொரு வகை.

இரத்தம் கொடுப்பவர்களுக்கு இதைப் புரியும்படி சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. ஈஸ்வரனும் பொன்னழகும் வந்தபோது, "பங்காளி வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். "ஒரு வீடு ஐந்து வீடாகப் பிரிந்து ஐந்து ஊரில் இருந்தாலும் குலசாமி ஒன்றுதான். முகச்சாயல் மாறினாலும் சாமி மாறாது. அதுபோல, உங்கள் இருவரின் கிருமியும் ஒரே கூட்டமா என்று பார்ப்பார்கள்."

ஈஸ்வரன் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "அப்ப இதுகளுக்கும் குலசாமி இருக்குங்கிறீக. மாசிப் படையலுக்கு இதுகளையாவது உள்ள விடுவாகளா சார்?"

பொன்னழகு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஈஸ்வரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "வேற கூட்டமா வந்துட்டா?"

"வேறாக வந்தால், ஒருவருக்கு மற்றவரிடமிருந்து வரவில்லை என்று பொருள்" என்றேன். "ஒன்றாகவே இருந்தாலும், யார் யாருக்குக் கொடுத்தது என்று இதைக்கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது."

இசைவுப் படிவத்தின் கடைசியில், ஒப்பீட்டு முடிவை அறிய விருப்பமா என்று ஒரு கேள்வி இருந்தது. இருவரும் விரும்பினால் மட்டுமே சொல்லப்படும். பொன்னழகு 'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டார். "இதுல தெரிய என்ன கெடக்கு? ஊருக்கே தெரியும்" என்றார். ஈஸ்வரன் படிவத்தைச் சன்னலோரம் எடுத்துப்போய், சுவரில் வைத்து வெகுநேரம் எழுதினார். அவரும் 'இல்லை' என்ற கட்டத்திலேயே குறித்திருந்தார். அதை மட்டும் சரிபார்த்து உறையில் போட்டு ஒட்டினேன். அவர்களுக்கு நான் இட்ட எண் இருபத்தேழு.

முடிவுகளின் அட்டவணை 2010 பங்குனியில் மையத்துக்கு வந்தது. பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும். எண்ணுக்குரிய பெயரை அறிந்தவன் நான் ஒருவன். ஆகவே அதைப் பிரித்துப் படிக்க எனக்கு உரிமை இல்லை என்று கருதினேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்டு, இரும்பு அலமாரியின் இரண்டாம் தட்டில் வைத்துப் பூட்டினேன். விதிப்படி அது சரி. ஈஸ்வரன் அதற்குப் பின் எட்டு மாதம் உயிரோடிருந்தார்.

அந்தக் கார்த்திகையில் காசநோய் மூளைக்குப் பரவி அவர் இறந்தார். கடைசி வாரத்தில் ஒரு காலை, மருத்துவமனைக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் விரலால் இரண்டு முறை தட்டினாராம். மணி எட்டு. பொன்னழகு எழுந்துபோய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு திரும்பியபோது, "உன்னையும் கொன்னுட்டேன்ல" என்றார் ஈஸ்வரன். பொன்னழகு பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஈஸ்வரன் பேசவில்லை. வாய்க்கரிசி போட எல்லோரும் அழைத்தபோதும் பொன்னழகு போகவில்லை. பத்து வயது நித்யஸ்ரீ போட்டாள்.

நான் 2015இல் பணி ஓய்வு பெற்றுப் பள்ளத்தூரில் தங்கிவிட்டேன். நித்யஸ்ரீ செவிலியராகிக் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்தாள். பொன்னழகு மையத்தில் தொடர்ந்தார். 2023 தொடக்கத்தில் அவருடைய இரத்தத்தில் கிருமியின் அளவு ஏறியது. இத்தனை ஆண்டு சாப்பிட்ட மருந்துகளில் சிலவற்றுக்குக் கிருமி பழகிவிட்டதா என்று பார்க்க மாதிரியை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அறிக்கை வந்தது, மருந்தை மாற்றினார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அந்த ஆவணியில் களப்பணியாளர்களுக்கு நடந்த பயிற்சியில் உலகப் படம் ஒன்றைக் காட்டி, எந்த நாட்டில் எந்த வகைக் கிருமி என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் காலை பொன்னழகு பள்ளத்தூருக்குப் பேருந்தில் வந்து என் வீட்டு வாசலில் நின்றார். கையில் அறிக்கை.

"சார், இதுல எனக்கு சி-ன்னு போட்டிருக்கு."

"ஆமாம். நம் பக்கத்தில் எல்லோருக்கும் அதுதான்."

"அந்த ஆளு மலேசியாவுல இருந்து கொண்டாந்துச்சு. அங்குட்டு உள்ளது வேறன்னு படத்துல காட்டுனாக. அப்ப எனக்கு எப்படி சி வரும்?"

கணக்குப் பாடத்தில் நூற்று எழுபத்தாறு எடுத்தவர். பதினாறு ஆண்டு ஆய்வகத்தில் இருந்த எனக்குத் தோன்றாத கேள்வி அது. அங்கேயும் சி வகை உடையவர்கள் இருக்கலாம். அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு, "நம்ம ரத்தம் எடுத்தீகளே, நாப்பது சோடி. அது எங்க சார்?" என்றார்.

உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "இருக்கு, இல்லேன்னு மட்டும் சொல்லுங்க. பதிமூணு வருஷமா அந்த ஆளுக்கு ஒரு சாமி கும்பிட்டதில்ல நான். ஒரு படம் மாட்டல. தப்பா வைஞ்சிருந்தேன்னா எனக்குத் தெரியணும்."

மனு எழுதிக் கொடுத்தேன். உயிரோடு உள்ளவர் தம் விருப்பத்தை மாற்றிக்கொள்ளலாம். இறந்தவர் மாற்ற முடியாது. ஆராய்ச்சி நிலையத்தின் நெறிக்குழு இதைப் பற்றி ஏழு வாரம் யோசித்தது. மனைவி என்ற உரிமையில், ஆலோசகர் முன்னிலையில் முடிவைச் சொல்லலாம் என்று பதில் வந்தது. ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை காலை ஜெரினாவின் அறையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். ஜெரினா உறையைப் பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

இணை எண் இருபத்தேழு. கணவர்: ஏ.இ. மனைவி: சி. தொடர்பு இல்லை.

"சொல்லுங்க" என்றார் பொன்னழகு.

"வேற வேறக்கா" என்றார் ஜெரினா.

"பங்காளி இல்லையா?"

"இல்லக்கா."

"ஒரே சாமி இல்லையா?"

நான் விளக்கினேன். 2009இலும் அவரிடம் சி மட்டும். 2023இலும் சி மட்டும். கணவருடைய வகையின் அடையாளம் இரண்டு முறையும் இல்லை. கணவரிடமிருந்து வரவில்லை, கணவருக்கு அவரிடமிருந்தும் போகவில்லை. எங்கிருந்து வந்திருக்கலாம் என்று கேட்டார். அப்போதுதான் 2004 ஆனி மாதத்து மூன்று பை இரத்தம் பேச்சுக்கு வந்தது. கொடுத்தவருக்குத் தொற்றிய முதல் சில வாரங்களில் அன்றைய சோதனையில் தெரியாமல் போக இடமுண்டு. அதில் எவர்மேலும் குற்றம் இல்லை. இதுதான் வழி என்று உறுதியாகச் சொல்ல இப்போது சான்றும் இல்லை. இவ்வளவையும் வரிசையாகச் சொன்னேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை.

"ஒரே வீட்டுக்குள்ள ஆளுக்கு ஒண்ணை வச்சுக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார். பிறகு, "தப்புப் பண்ணுனாக. அது இல்லேங்கல. ஆனா என்னைய அவுக ஒண்ணும் பண்ணலையே சார். கொன்னுட்டேன்லன்னு கேட்டாக. இல்லேன்னு சொல்ல ஆளில்லாமப் போயிட்டாகளே."

பொன்னழகு தம் கணவரை 'அவுக' என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல்முறை.

ஈஸ்வரன் உயிரோடிருந்த அந்த எட்டு மாதமும் அட்டவணை என் அலமாரியில் இருந்ததை நான் அப்போதே அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் என்மேல் கோபப்படவில்லை. "நீங்க விதிப்படி இருந்தீக" என்றார். கோபப்பட்டிருக்கலாம்.

அதன்பின் அவர் மையத்துக்கு வரவில்லை. மார்கழி மாத்திரையை வாங்க வரவில்லை. தை மாத்திரைக்கும் இல்லை. ஊரெல்லாம் விட்டுப்போனவர்களைத் தேடி அழைத்து வந்தவரை இப்போது ஜெரினா தேடிப் போனார். பொன்னழகு கதவைத் திறந்தார், பேசினார், தேநீர் கொடுத்தார், வருகிறேன் என்றார், வரவில்லை. நித்யஸ்ரீ கோயம்புத்தூரிலிருந்து வந்து பத்து நாள் இருந்து பார்த்துவிட்டுப் போனாள். புது மருந்தையும் விட்டால் அடுத்துக் கொடுக்க அதிகம் மீதி இல்லை என்று மருத்துவர் சொன்னார்.

இரண்டு வாரமாக எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது: அந்த இசைவுப் படிவம். ஈஸ்வரன் சுவரில் வைத்து வெகுநேரம் எழுதினார். 'இல்லை' என்று குறிக்க அவ்வளவு நேரம் எதற்கு? படிவத்தின் நகலைக் கேட்டு எழுதினேன். வந்ததும் ஜெரினாவை அழைத்துக்கொண்டு கழனிவாசலுக்குப் போனேன். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி.

பொன்னழகு மெலிந்திருந்தார். முன்னறையில் பாய் விரித்திருந்தது. இப்போது அங்கேதான் படுக்கிறார் போலும். "வாங்க சார். ஞாயித்துக்கெழமை சர்ச்சுப் பூசைக்குப் போகாம இங்குட்டு வந்திருக்கீக" என்றார் சிரிக்க முயன்று.

நகலைக் கொடுத்தேன். 'இல்லை' என்ற கட்டத்துக்குக் கீழே, 'காரணம், விரும்பினால்' என்று ஒரு வரி அச்சிட்டிருந்தது. நான் கவனிக்காத வரி. அங்கே ஈஸ்வரன் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தார்:

"எனக்கு மலேசியாவில் வந்தது. என் சம்சாரத்துக்கு என்னால் வந்தது. சார் சொல்வதுபோல் வேறு கூட்டம் என்று பேப்பரில் வந்துவிட்டால் அவளுக்கு எப்படி வந்தது என்று நாலு பேர் கேட்பார்கள். அப்படி யாரும் கேட்கக் கூடாது. என்னாலேயே என்று இருக்கட்டும்."

பொன்னழகு முதல் தடவை உதட்டசைத்துப் படித்தார். இரண்டாம் தடவை விரல் வைத்துப் படித்தார். ஆறுதலாக இருக்கும் என்று எண்ணித்தான் அதைக் கொண்டுபோனேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்ததைப் பார்த்தபோது, கொண்டுவந்திருக்கக் கூடாது என்று தோன்றியது. ஜெரினா எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"இவ்வளவு யோசிக்கத் தெரிஞ்சிருக்கே இந்த மனுசனுக்கு" என்றார் பொன்னழகு. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. நான் எங்க பேச விட்டேன்."

அழுதார்.

அடுப்படியில் அவருடைய கைப்பேசி மணியடித்தது. எட்டு. மாத்திரை வேளைக்காக வைத்த மணி. மாத்திரையை விட்ட பின்னும் அதை நிறுத்தவில்லை. அது அடித்து ஓயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கொல்லைக்குப் போனார். கோழித் தீவனச் சட்டியின் மேல் மூடியாகக் கிடந்த வட்டிலை எடுத்தார். குழாயடியில் உட்கார்ந்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, சேலையால் துடைத்துக்கொண்டு வந்தார். நெளிவு அப்படியே இருந்தது. விளிம்பிலிருந்த பெயரும் படிக்க முடிந்தது.

பாயில் உட்கார்ந்து, வட்டிலை முன்னால் வைத்து, விரலால் இரண்டு முறை தட்டினார்.

காத்திருந்தார். மறுபடி இரண்டு முறை தட்டினார்.

"அவுக தட்டுனா இப்படிக் கேக்காது" என்றார்.

ஜெரினா கைப்பையிலிருந்து மாத்திரைப் புட்டியை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினார். பொன்னழகு ஒன்றை எடுத்து வாயில் போட்டு, சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வட்டிலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.